பட்டன் பூட்டியது, மோட்டார் ஓடியது: டிரைவுக்கான எமர்ஜென்சி வயரிங்

கலவைத் தொட்டி ஒன்றின் டிரைவை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியை, மாற்றச் சென்றிருந்தபோது, வேலையைத் தொடங்கும் முன் வழக்கம்போல எமர்ஜென்சி பட்டனை அழுத்திப் பார்த்தேன். சிவப்புக் காளான் தலை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பட்டன் பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், மின்தொடர்பைத் திறந்து மூடும் காண்டாக்ட் பிளாக் பட்டனின் கழுத்தை விட்டுக் கழன்று இரண்டு வயர்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்.சி. (நார்மலி க்ளோஸ்டு) தொடர்பு, ஏதாவது வந்து தள்ளும்வரை மூடியே இருப்பது அதன் இயல்பு. பட்டனின் தண்டு வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்க, டிரைவுக்கு 24 வோல்ட் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது.

வயர் அறுந்தால் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதற்காகவே எமர்ஜென்சி பட்டனை என்.சி.யில் போடுகிறோம் என்பது பேனல் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம். வயர் அறுவதைத் தவிர வேறு பழுதே வராது என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் மோட்டார் நிற்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். சுற்றில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே பழுதாகியிருக்கும் நிலையில் அழுத்தினாலும் நிற்குமா என்ற கேள்வியை வைத்துத்தான் இந்த வயரிங்கை நான் மதிப்பிடுகிறேன்.

அந்தக் கேள்வியின் முன் முதலில் தோற்பது, பட்டனை நேராக டிரைவின் டிஜிட்டல் இன்புட்டில் கொண்டுபோய் இணைப்பது. ஒரே வயர், சிக்னலை ஒளிவழியாக உள்ளே கடத்தும் ஒரே ஆப்டோகப்ளர், அதற்குப் பின்னால் மென்பொருள், அதற்கும் பின்னால் யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஒரு பாராமீட்டர். டிரைவ் எரிந்துபோய்ப் புதியதை மாட்டும் நாளில், பாராமீட்டர்களை ஏற்ற மறந்தால், நேற்றுவரை ‘வெளிப்புறப் பழுது’ என்றிருந்த அதே டெர்மினல் இன்று இரண்டாம் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் இன்புட்டாக மாறியிருக்கும். இயந்திரத்தை நடத்தும் கட்டுப்பாட்டுக் கணினியான சாதாரணப் பி.எல்.சி. வழியாக நிறுத்துவதும் இதே கதைதான். இயந்திரத்தைத் தினமும் நிறுத்த இந்த வழிகள் போதும். ஆளைக் காப்பாற்றப் போதாது.

அடுத்தது காண்டாக்டர், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிட்ச். நேரடியாக மின்சாரத்தில் ஓடிய மோட்டார்களின் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது; நானும் வெகுகாலம் செய்திருக்கிறேன். டிரைவின் உள்ளீட்டுப் பக்கம் காண்டாக்டரைப் போட்டால், அது திறந்த பிறகும் டிரைவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் இருக்கிறது. மோட்டார் சிறிது நேரம் உந்தப்பட்டுக்கொண்டே இருக்கும். மின்தடையைத் தாங்கி ஓடும் வசதியை யாராவது இயக்கி வைத்திருந்தால், டிரைவ் சுழலும் பளுவின் ஆற்றலையே திருப்பி எடுத்துத் தன்னை இன்னும் அதிக நேரம் உயிரோடு வைத்துக்கொள்ளும். அடிக்கடி போட்டு எடுத்தால் கெப்பாசிட்டர்களை மெல்ல ஏற்றும் முன்மின்னேற்ற ரெசிஸ்டர் சூடாகிக் கெடும் என்பது தனித் தொல்லை. வெளியீட்டுப் பக்கம் போட்டாலோ, ஓடும் மோட்டாரின் தூண்டல் மின்னோட்டத்தை அறுப்பதால் தொடர்புமுனையில் பொறி பறக்கிறது. மின்னழுத்தம் துள்ளி டிரைவையே பதம் பார்க்கலாம். குறைந்த அதிர்வெண்ணில் ஓடும்போது மின்னோட்டம் ஏறத்தாழ நேர்மின்னோட்டம் போலவே நடந்துகொள்வதால் ஏ.சி. காண்டாக்டருக்கு அந்தப் பொறியை அணைப்பது இன்னும் கடினம். வெளியீட்டில் காண்டாக்டர் வேண்டியே தீரும் என்றால், முதலில் டிரைவின் வெளியீட்டைத் தடுத்துவிட்டுப் பிறகு காண்டாக்டர் திறக்கும்படி வரிசைப்படுத்த வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் விடையாக வந்ததுதான் எஸ்.டி.ஓ., அதாவது முறுக்குவிசையைப் பாதுகாப்பாக நிறுத்தும் இன்புட். சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 61800-5-2 இதை வரையறுக்கிறது. பெரும்பாலான டிரைவ்களில் இதற்கு இரண்டு டெர்மினல்கள் உண்டு. இரண்டிலும் 24 வோல்ட் இருந்தால் மட்டுமே மோட்டாருக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் ஐ.ஜி.பி.டி.க்களின் கேட்டுகளுக்குத் துடிப்புகள் போகும். ஒன்று போனாலும் துடிப்பு நின்றுவிடும். துடிப்பு இல்லாமல் சுழலும் காந்தப்புலம் இல்லை, அது இல்லாமல் முறுக்குவிசை இல்லை. புதிய டிரைவில் இந்த டெர்மினல்களை ஒரு சிறிய ஜம்பர் கம்பி இணைத்திருக்கும். அதைக் கழற்றாமலே பக்கத்தில் வயரை மாட்டிய பேனல்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டன் வேலை செய்யவில்லை என்பது யாராவது அழுத்தும் நாளில்தான் தெரியும்.

எஸ்.டி.ஓ. மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை என்பதைப் பராமரிப்பு ஆட்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது. 415 வோல்ட் டிரைவில் டி.சி. பஸ், அதாவது அந்தக் கெப்பாசிட்டர்கள் தாங்கும் உள் நேர்மின்பாதை, சுமார் 587 வோல்ட்டில் அப்படியே நிற்கும். மோட்டார் டெர்மினல்களிலும் ஆபத்தான மின்னழுத்தம் இருக்கலாம். மோட்டார் பெட்டியைத் திறப்பதற்கு, மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசோலேட்டரை அணைத்துப் பூட்டி, கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

எஸ்.டி.ஓ. பிரேக்கும் அல்ல. விசையைக் கைவிடுகிறது, அவ்வளவுதான். பளு தானாகச் சுற்றி ஓயும். எங்கள் கலவைத் தொட்டி நிறைந்திருக்கும்போது கூழின் உராய்விலேயே சட்டென்று நின்றுவிடும். காலியாக இருந்தாலோ கத்திகள் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும், கழுவுவதற்காகக் கையை விடுவதும் அப்போதுதான். ஐ.இ.சி. 60204-1 எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு இரண்டு வகைகளையே அனுமதிக்கிறது: உடனே ஆற்றலை நீக்கும் வகை 0, கட்டுப்பாட்டோடு வேகத்தைக் குறைத்து நிறுத்தியபின் நீக்கும் வகை 1. காலித் தொட்டிக்கு வகை 1 தேவை. பட்டனைக் கண்காணிக்கும் பாதுகாப்பு ரிலேயின் உடனடித் தொடர்பு டிரைவுக்கு வேகமாக நிறுத்தும் கட்டளையைத் தர, அதே ரிலேயின் தாமதத் தொடர்பு சில வினாடிகள் கழித்து எஸ்.டி.ஓ.வைத் திறக்கிறது. டிரைவ் கட்டளையை மதிக்காவிட்டாலும் தாமதம் முடிந்ததும் விசை போய்விடும். அதனால்தான் தாமதத்தை டிரைவின் பாராமீட்டரில் வைக்காமல் ரிலேயில் வைக்கிறோம்.

எண்களில் கவனம் வேண்டும். நிறுத்தும் நேரம் 4 வினாடி என்றால் ரிலேயில் 5 வினாடி வைப்பேன். ஆனால் பாராமீட்டரில் 4 என்று எழுதிவிட்டதால் மட்டும் பளு 4 வினாடியில் நின்றுவிடாது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி டி.சி. பஸ்ஸை ஏற்றுகிறது, அந்த ஆற்றலை வெப்பமாக எரிக்கும் பிரேக் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் டிரைவ் உயர்மின்னழுத்தப் பழுதில் விழுந்து பளுவைக் கைவிடும், அல்லது விழாமலிருக்கத் தானாகவே நேரத்தை நீட்டும். நீட்டினால் 5 வினாடி முடியும்போது பாதி வேகத்தில் இருக்கும் பளு மறுபடி சும்மா சுற்றத் தொடங்கும். மிக மோசமான நிலையில், முழு வேகத்தில், ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. தூக்கும் இயந்திரமானால் கதையே வேறு: விசை போனதும் பளு இறங்கும் என்பதால், எஸ்.டி.ஓ. திறக்கும்போதே மெக்கானிக்கல் பிரேக்கும் பிடிக்க வேண்டும்.

பட்டனிலிருந்து ரிலே வரை இரண்டு தனிச் சேனல்கள், அதாவது தனித்தனி மின்பாதைகள், போகின்றன. இரண்டிலும் ஒரே +24 வோல்ட்டை அனுப்பினால், நசுங்கிய கேபிளில் திரும்பி வரும் இரண்டு வயர்கள் ஒட்டிக்கொள்வது யாருக்கும் தெரியாது. ஒரு சேனலை +24 பக்கமும் மற்றதை 0 வோல்ட் பக்கமும் வைத்தால், ஒட்டிய கணமே குறுக்குச்சுற்றாகி ரிலே விட்டுவிடும். பல பட்டன்களைத் தொடராக இணைக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு பட்டனில் ஒரு சேனல் பழுதானால் ரிலே நின்று, ரீசெட் ஆக மறுக்கும். அது பழுதைக் கண்டுகொண்டதன் அடையாளம். பக்கத்துப் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுவித்தால் இரண்டு சேனலும் ஒழுங்காகத் திறந்து மூட, ரிலே சமாதானமாகிவிடும், பழுதோ மறைந்துகொள்ளும். ‘அந்தப் பட்டனை அழுத்தி எடுங்கள் சார், சரியாகிவிடும்’ என்று ஆபரேட்டர் சொன்னால் நான் முதலில் கேபிளைத்தான் சோதிப்பேன்.

ரீசெட் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஓ. 13850 சொல்வதன்படி பட்டனை விடுவிப்பது மட்டுமே இயந்திரத்தை ஓட்டிவிடக் கூடாது. ரீசெட் என்பது மறுபடி தொடங்குவதற்கான அனுமதி மட்டுமே. டிரைவின் ரன் கட்டளை ஒரு செலக்டர் சுவிட்சில் நிலையாக நின்றால், சில டிரைவ்கள் எஸ்.டி.ஓ. திரும்பியதுமே ஓடத் தொடங்கிவிடும். ரன் கட்டளையைத் தற்காலிகத் தொடர்புள்ள பட்டனுக்கு மாற்றி, எமர்ஜென்சியில் அந்தக் கட்டளையைப் பிடித்து வைக்கும் தாங்குசுற்றும் விடும்படி செய்துவிடுவது என் வழக்கம்.

அந்தக் கலவைத் தொட்டியில் எல்லாம் முடிந்தபின், கழன்ற பிளாக்கின் இடத்தில், கழன்றால் தானே சுற்றைத் திறக்கும் சுயகண்காணிப்புப் பிளாக்கைப் போட்டோம். மோட்டாரை ஓடவிட்டு, ஒரு சேனல் வயரை உருவினேன், நின்றது. வயரைத் திரும்ப மாட்டி ரீசெட்டை அழுத்தினேன். பட்டனை முழுதாக அழுத்தி விடுவிக்கும்வரை ரிலே பிடிக்கவில்லை. மற்ற சேனலிலும் அப்படியே. கடைசியாகப் பட்டன் பெட்டியைத் திறந்து, ஓடும்போதே பிளாக்கின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். பிளாக் கழன்ற கணத்தில் பேனலுக்குள் ரிலே விடும் ஓசை கேட்டது. காலித் தொட்டியின் கத்திகள் வேகம் குறைந்து 4 வினாடியில் நின்றன.