ஒற்றியூரில் ஒரு மொட்டைமாடி

சென்ற மார்கழிப் பௌர்ணமியன்று திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தபோது, கோயில் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே என் கண்கள் ஒரு மாடி வீட்டைத் தேடத் தொடங்கிவிட்டன.

பௌர்ணமியில் காலை மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மனையும், உச்சிப்பொழுதில் ஒற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பது நெடுநாளைய வழக்கம். அந்த வேண்டுதலுக்காக வேலூரிலிருந்து அம்மாவை அழைத்து வந்த நாள் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்ததோ, ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அதன் அலைகள் நம் கரையைத் தொட்டதோ மேலூர்ச் சன்னிதியில் நின்றிருந்த எங்களுக்குத் தெரியாது. ரயிலில் திருவொற்றியூர் வந்திறங்கிக் கோயிலை நெருங்கியபோது, கிழக்கேயிருந்து ஒரு கூட்டம் எங்களை நோக்கி ஓடி வந்தது. "கடல் உள்ள வந்துடுச்சு, ஓடுங்க!" என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. சுனாமி என்ற சொல்லையே நாங்கள் அன்றிரவுதான் கேட்டோம்.

அம்மா இடறி விழுந்தார். முழங்கால் பிளந்து, புடவை கிழிந்து, எழ முடியாமல் கிடந்தவரை, இடுப்பில் ஒரு துணி மூட்டையுடன் ஓடி வந்த பெண்ணொருவர் நின்று தூக்கினார். அவரும் நானும் இருபுறமும் தாங்கி, ஒரு வீட்டின் மொட்டைமாடிக்கு அம்மாவை ஏற்றினோம். அங்கே ஏற்கெனவே முப்பது பேராவது இருந்திருப்பார்கள். "ஆயாவுக்கு எடம் வுடுங்க" என்று அதட்டி, சுவரோரம் நிழலில் உட்காரவைத்து, கீழே போய்த் தண்ணீர் கொண்டுவந்து காயத்தைக் கழுவினார். பிறகு தன் மூட்டையை அவிழ்த்து, பச்சையில் மஞ்சள் கரை போட்ட ஒரு சேலையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். அடுத்த அலை வருகிறது என்ற வதந்தி ஒவ்வொரு முறை எழும்போதும் மாடி முழுவதும் அலறியது; அவர் மட்டும் அம்மாவின் கையை விடவே இல்லை. அவ்வளவு உரிமையோடு அவர் நடமாடியதைப் பார்த்து, அது அவருடைய வீடு என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

பிற்பகலில் கிளம்பும்போது நான் நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை. "காசு இன்னாத்துக்கு? போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு கண்ணு" என்று, தெருமுனை எஸ்.டி.டி. பூத்தின் எண்ணை எழுதி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் வேலூரிலிருந்து அழைத்தேன். பூத்துக்காரர் அவரைக் கூட்டி வந்தார். அவர் முதலில் கேட்டது அம்மாவின் முழங்காலைப் பற்றித்தான். அவர் போன பிறகு பூத்துக்காரர் சொன்னார்: அந்த மாடி வீடு வேறொருவருடையது, கடலோரத்தில் இருந்த அவருடைய குடிசை முழுதும் போய்விட்டது, மிஞ்சியது அந்த மூட்டை மட்டுமே. அதில் இருந்தது எத்தனை சேலை என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அழுதார். அந்தச் சேலையை இறுதிவரை பெட்டியில் மடித்து வைத்திருந்தார்.

இப்போது பூத் இல்லை. மாடி வீடு இருந்ததாக நான் நினைத்த இடத்தில் அடுக்குமாடி எழுந்திருக்கிறது. கடலோரத்தில் பாறைக்கற்களின் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சேல இன்னா கலரு?"

சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு, வெயிலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, தான் உட்கார்ந்திருந்த பலகையில் நகர்ந்து இடம் விட்டார்.