வால்சிங்கம் மாதாவுக்கு ஒரு நேர்த்தி

நேர்த்தி வைத்தது மன்னாரில் இருக்கும் அம்மா, நடக்க வேண்டியது நான். என் மகனுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்த அன்று, பிள்ளை சுகமாக வந்தால் என் மகள் இங்கிலாந்தில் மாதா திருத்தலம் இருக்கும் வால்சிங்கத்தில் வெறுங்காலோடு நடப்பாள் என்று மடு மாதா படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

ஜூலையில் தமிழர் திருயாத்திரை நாளிலேயே போனோம். கார் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம், மெழுகுதிரி கொளுத்தப் போனால் வரிசைக்குள் புகுந்து இடிக்கிறார்கள், செபமாலை நடக்கும்போதே செல்ஃபி வேறு. சரி, மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

ஊருக்கு வெளியே இருக்கும் செருப்புக் கோயில் (Slipper Chapel) என்ற சின்னக் கோயிலில் சப்பாத்தைக் கழற்றினேன். அந்தக் காலத்து யாத்திரிகர்களும் அங்கேதான் கழற்றினார்களாம். பிறகு அதே கோயில் மாட்டுத் தொழுவமாகவும் கிடந்திருக்கிறது. அங்கிருந்து ஊருக்கு ஒரு மைல்தான், ஆனால் தார் சுட்டது, சின்னக் கற்கள் வேறு. எட்டாம் ஹென்றியும் 1511-இல் மகன் பிறந்ததற்கு நன்றி சொல்ல இங்கே வெறுங்காலோடு நடந்தான் என்பார்கள். அந்தக் குழந்தை இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. அதே அரசன்தான் 1538-இல் மாதாவின் திருத்தலம் இருந்த இங்கத்தைய துறவியர் மடத்தை மூடவைத்தான், மாதாவின் சொரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். அதற்கு முந்தைய வருடமே, எதிர்த்தார் என்று மடத்தின் துணைத் தலைவரைத் தூக்கிலிட்டிருந்தார்கள். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அந்த அரசன்மேல் கோபப்படவும் முடியவில்லை, பாவம் பார்க்கவும் முடியவில்லை.

மடத்துக்குள் போகச் சீட்டு வாங்க வேண்டும், அது கொஞ்சம் உறுத்தியது. உள்ளே போனால் புல்வெளி நடுவே கிழக்குச் சுவரின் பெரிய வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. கண்ணாடி இருந்த இடத்தில் வானம். நாசரேத்து வீட்டைப் போலவே ஒன்று கட்டு என்று 1061-இல் ரிசெல்டிஸ் அம்மையாருக்கு மாதா காட்சி கொடுத்தாராம், அந்தத் திருவீடு நின்ற இடத்தை 1961-இல் தோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்போது அங்கே வெறும் புல்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"மாதா எங்கை பிள்ளை?"

"இதிலைதான் இருந்தவ அம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "அருள் நிறைந்த மரியே" என்று அங்கிருந்து தொடங்கிவிட்டார், மகன் கூடவே சொன்னான், எனக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டது. கால் எரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை. புல்லில் முழங்காலில் விழுந்தேன். மாதாவே, என் பிள்ளையைத் திருப்பித் தந்தாய் அம்மா, தந்தாயே.