எலும்பும் தோலுமா, தோலும் எலும்புமா? ஆங்கில இணைச்சொற்களோடு நான் பட்ட பாடு

மாதிரித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு வாக்கியம் வந்தது. நோயில் படுத்த ஒருவர் இளைத்து 'போன் அண்ட் ஸ்கின்' ஆகிவிட்டார் என்று இருந்தது. வாக்கியத்தைப் பிரித்துக் கொடுத்திருந்த நான்கு துண்டுகளையும் இரண்டு முறை படித்தேன். டென்ஸ் சரி, வெர்ப் சரி, பிரிபொசிஷன் சரி. 'பிழை இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடை வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆங்கிலத்தில் அது 'ஸ்கின் அண்ட் போன்'. தோல் முன்னால், எலும்பு பின்னால். எனக்கு அதில் பிழையே தெரியாமல் போனதற்குக் காரணம், என் வீட்டில் இளைத்துப்போனவர்கள் எல்லோரும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்கள்.

நான் சென்னைக் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுத ஆரம்பித்தபோது கணக்கும் ரீசனிங்கும் பயமுறுத்தவில்லை, ஆங்கிலம்தான் பயமுறுத்தியது. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தப்பாகக் குறித்தால் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போகும். கிராமர் விதிகளைப் படித்துக்கொள்ளலாம். இந்த ஜோடிச் சொற்களுக்குத்தான் விதியே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். "மனப்பாடம் பண்ணு, வேற வழியில்ல" என்று கோச்சிங் சென்டரில் ஏ முதல் இசட் வரை ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். நானும் ஒரு மாதம் கத்திக் கத்திப் படித்தேன். 'பி' வரிசை முடிந்து 'சி' வரிசைக்குப் போனால் 'பி' மறந்துவிடும். முதல் முறை எழுதியதில் தேறவில்லை. அந்தப் பட்டியல் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அப்புறம்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் ஆங்கில ஜோடி, வலப்பக்கம் நம்முடைய ஜோடி. நமக்கு இது புதிதா என்ன? பள்ளிக்கூடத்தில் இணைமொழி என்று படித்தோமே: ஈவு இரக்கம், நோய்நொடி, வீடு வாசல், மூட்டை முடிச்சு, கண்ணும் கருத்தும். இவற்றை யாரும் நமக்கு விதி சொல்லிக் கொடுக்கவில்லை. 'வாசல் வீடு' என்று யாராவது சொன்னால் காது உடனே முறைக்கிறது. ஆங்கிலக்காரர் காதும் அப்படித்தான் முறைக்கும். நம் காதையும் அந்தப் பக்கம் கொஞ்சம் பழக்கினால் போதும்.

நோட்டை நிரப்ப நிரப்ப ஒன்று கண்ணில் பட்டது. தமிழும் ஆங்கிலமும் ஒரே வரிசையில் போகும் ஜோடிகளைப் படிக்கவே தேவையில்லை. இடி மின்னல், வில் அம்பு, லாப நஷ்டம், சட்டம் ஒழுங்கு எல்லாம் அங்கேயும் அதே வரிசைதான். உணவு, உடை, இருப்பிடம் என்ற மூன்றும்கூட அங்கே ஃபுட், க்ளோதிங் அண்ட் ஷெல்டர் என்று நம் வரிசையிலேயே வரும். மாட்டிக்கொள்வது தலைகீழாக நிற்பவற்றில்தான். நமக்கு இரத்தமும் சதையும். அவர்களுக்கு 'ஃபிளெஷ் அண்ட் பிளட்', சதை முதலில். நாம் ஏழை பணக்காரன் என்போம். அவர்கள் 'ரிச் அண்ட் புவர்'. நமக்கு முன்னும் பின்னும். அவர்களுக்கு 'பேக் அண்ட் ஃபோர்த்', பின்னால் போய்விட்டுத்தான் முன்னால் வருவார்கள். இரவு பகலாக உழைத்தேன் என்பதை 'டே அண்ட் நைட்' என்பார்கள். இதில் மட்டும் கொஞ்சம் தாராளம், 'நைட் அண்ட் டே' என்றாலும் தப்பில்லை. இந்தத் தலைகீழ் ஜோடிகளை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன். நீங்கள் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இன்னொரு வகை உண்டு, அதை நான் முதுமக்கள் தாழி வகை என்று வைத்துக்கொண்டேன். ஜோடியில் ஒரு சொல் மட்டும் செத்துப்போய், துணையின் பக்கத்தில் புதைந்து கிடக்கும். 'தோட்டம் துரவு' என்கிறோம். துரவு என்றால் பெரிய கிணறு. ஆனால் இன்றைக்கு யாராவது "துரவில் தண்ணீர் இறைத்தேன்" என்று சொல்கிறார்களா? 'கித் அண்ட் கின்' என்பதில் உள்ள 'கித்' அப்படிப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் தெரிந்தவர்கள், சொந்த ஊர்க்காரர்கள் என்று பொருள். இன்று தனியாக நடமாடாது. நம் உற்றார் உறவினரோடு சரியாகப் பொருந்திவிட்டதால் எனக்கு அது மறக்கவே இல்லை. 'ஹியூ அண்ட் க்ரை' என்பதில் வரும் 'ஹியூ' நிறத்தைக் குறிக்கும் சொல் இல்லை. கூச்சல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். இங்கிலாந்தில் 1285-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, திருடனைக் கண்டால் ஊரே கூச்சல் போட்டுத் துரத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. எங்கள் தெருவில் சட்டம் இல்லாமலே அது நடக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், நைனாவும் வீட்டில் இருப்பார். நான் திண்ணையில் உட்கார்ந்து 'ஹுக், லைன் அண்ட் சிங்கர்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பொய்யை அப்படியே முழுசாக நம்பிவிடுவது என்று பொருள். அர்த்தம் தெரியும், மூன்று சொல்லின் வரிசை மட்டும் நிற்கவில்லை.

"இன்னாது கண்ணு, ஊக்கு லைனுன்னுகீற?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார். "இதுல இன்னா கஷ்டம்? மொதல்ல முள்ளு உள்ள போவும். அப்பால நரம்பு. பசியில கீற மீனா இருந்தா மேலகீற ஈயக்குண்டையும் சேத்து முழுங்கிரும். அத்தான்."

அத்தான்! ஒரு மாதம் பட்டியல் பார்த்து நிற்காத வரிசை, அந்த ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. மீனின் வாயிலிருந்து எண்ணினால் போதும். அதன் பிறகு கடல் வாசனை அடிக்கும் ஜோடிகளையெல்லாம் தேடித் தேடி நைனாவிடம் கொண்டுபோனேன். 'ஹை அண்ட் ட்ரை' என்றால் தண்ணீர் வற்றி, படகு தரை தட்டி அம்போவென்று நிற்பது, கைவிடப்பட்ட நிலை. 'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட்' என்பதும் தரை தட்டி அசையாமல் இறுகிப்போன கப்பலிலிருந்து வந்ததுதான். மாற்ற முடியாத விதிக்குச் சொல்வார்கள். அங்கே 'ஃபாஸ்ட்' என்பதற்கு வேகம் என்று பொருள் எடுத்தால் கேள்வி கவிழ்ந்துவிடும். 'பை அண்ட் லார்ஜ்' பாய்மரக் காலத்துச் சொல். எதிர்க்காற்றை ஒட்டி ஓட்டுவது 'பை', பின்காற்றில் ஓட்டுவது 'லார்ஜ்'. இரண்டிலும் ஒழுங்காக ஓடினால், மொத்தத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். 'டைம் அண்ட் டைட்' மட்டும் எங்களை ஏமாற்றியது. கடல் நீர் ஏறி இறங்குவதைத்தான் சொல்கிறார்கள் என்று நானும் நைனாவும் நினைத்தோம். பழைய ஆங்கிலத்தில் 'டைட்' என்றாலே காலம், வேளை என்றுதான் பொருளாம். நைனா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

படிப்புச் செலவுக்காக பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு டைப்பிங் கடையில் பாதி நாள் வேலை பார்த்தேன். பத்திரம், அஃபிடவிட், வாடகை ஒப்பந்தம். ஆங்கில ஜோடிகளுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. 'நல் அண்ட் வாய்ட்', 'ட்ரூ அண்ட் கரெக்ட்', 'டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்', 'ஃபுல் அண்ட் ஃபைனல்' என்று ஒரே பொருளை இரண்டு தரம் டைப் அடிக்க வைப்பார்கள். எதற்கு இந்த வெட்டிவேலை என்று எரிச்சலாக இருக்கும். தேடிப் படித்தபோது காரணம் புரிந்தது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, சட்டம் பேசியவர்களின் மொழி பிரெஞ்சாகிவிட்டது. நீதிமன்ற வாதம் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று சட்டம் வந்ததே 1362-இல்தான். மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி. இரண்டு பக்கமும் புரியட்டும் என்று ஊர்ச்சொல் ஒன்று, வந்த சொல் ஒன்று சேர்த்து எழுதினார்கள் என்பார்கள். உயிலைக் குறிக்கும் 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பதில் முதல் சொல் ஆங்கிலம், இரண்டாவது லத்தீனிலிருந்து வந்தது. 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்', 'குட்ஸ் அண்ட் சாட்டெல்ஸ்' இவற்றிலும் அப்படியே, ஆங்கிலம் முன்னால், பிரெஞ்சு பின்னால். எல்லா ஜோடிக்கும் இது பொருந்தாது. 'நல்', 'வாய்ட்' இரண்டுமே பிரெஞ்சு வழி வந்தவைதான்.

ஒருநாள் பழைய தமிழ்க் கிரையப் பத்திரம் ஒன்றை நகல் எடுத்தேன். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று ஓடியது. ஆண்டு அனுபவித்து! ஆங்கிலப் பழம்பத்திரங்களில் வரும் 'டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்' இதேதான். நிலம் எழுதித் தரும்போது லத்தீனில் எழுதிய வாசகம் அது. பின்னால் கல்யாண உறுதிமொழிக்குள்ளும் புகுந்துவிட்டது. நிலத்துக்கும் மனைவிக்கும் ஒரே வாசகமா என்று கடை அண்ணன் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 'சைன்ட், சீல்ட் அண்ட் டெலிவர்ட்' என்ற மூன்றும் பத்திர மேஜையில் நடக்கும் வரிசைதான்: கையெழுத்து, முத்திரை, ஒப்படைப்பு. வேலை செய்த கைக்கு அது மறக்காது.

மூன்று சொல் வருவதற்கு ஒரு தாளம் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம் நான் தாளம் தட்டிப் பார்த்திருக்கிறேன். லாக், ஸ்டாக் அண்ட் பேரல். லெஃப்ட், ரைட் அண்ட் சென்டர். கூல், காம் அண்ட் கலெக்டட். தக, தக, தகதிமி மாதிரி, சின்னச் சொல் இரண்டு முன்னால், நீளச் சொல் கடைசியில். சின்னதை முன்னால் வை என்று தொகைச்சொற்களுக்குச் சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியே ஒரு விதி சொல்லியிருக்கிறார். எப்போதும் பலிக்காது, ஆனால் ஒன்றுமே தெரியாத இடத்தில் கைகொடுக்கும். 'டாம், டிக் அண்ட் ஹாரி' என்று அவர்களுக்கு மூன்று பேர் தேவைப்படும் இடத்தில் நமக்குக் குப்பன், சுப்பன் இரண்டு பேர் போதும். இந்த மூன்று மேல் அவர்களுக்கு எவ்வளவு ஆசை என்றால், 1940 மே 13 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் இரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை என்று நான்கைச் சொன்னார். மக்கள் உழைப்பைக் கழற்றிவிட்டு 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' என்று மூன்றாக்கிக்கொண்டார்கள்.

மோனையும் பாருங்கள்: சேஃப் அண்ட் சவுண்ட், பார்ட் அண்ட் பார்சல், ஹேல் அண்ட் ஹார்ட்டி. கடைசியாகச் சொன்னதை நம் ஊரில் பாதிப் பேர் 'ஹேல் அண்ட் ஹெல்த்தி' என்று எழுதுகிறார்கள். கேள்வி எடுப்பவர்களுக்கு அது தெரியும். 'வேர் அண்ட் டேர்' என்பதை 'டியர்' என்று படித்தால் ஓசையும் போகும், தேய்மானம் கண்ணீராகிவிடும்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சில. காலையில் சாப்பிடும் 'பிரெட் அண்ட் பட்டர்' ஒரே தட்டில் இருக்கும் ஒரே பண்டம், அதனால் பின்னால் 'இஸ்' வரும். 'சிங்க் ஆர் ஸ்விம்', 'சூனர் ஆர் லேட்டர்', 'டூ ஆர் டை' மூன்றிலும் நடுவில் 'ஆர்'தான். 'அண்ட்' போட்டுக் கொடுத்திருந்தால் பிழை அங்கேதான். ஜோடியாக வரும்போது 'தி' பெரும்பாலும் உதிர்ந்துவிடும்: 'ஃப்ரம் டாப் டு பாட்டம்'. பட்டியல் வாங்கினாலும் அகர வரிசையில் படிக்காதீர்கள். கடல், பத்திரம், சமையல், உடம்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். நான் பத்து வைத்துப் பார்த்தேன், ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

இரண்டாவது முறை முதல்நிலையைத் தாண்டினேன். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வலப்பக்கம் காலியாகவே நிற்கும் ஜோடிகள் இன்னும் ஒன்பது இருக்கின்றன. 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' (சின்னச் சின்ன உதிரிப் பொருள்கள்) என்பதற்குத் தட்டுமுட்டு என்று எழுதி அடித்துவிட்டேன். அது பாத்திரம் பண்டம்போல் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா 'சில்லறை சிட்டாடை' என்று எழுதச் சொல்கிறார். அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று கேட்டால், "இல்லாட்டி இன்னா, இப்ப இருக்குதில்ல" என்கிறார்.