திப்பிலிக்குக் கட்டளை ஆகாது

திருச்சி தில்லைநகரில் காலை ஆறு மணிக்கு மேல் நடக்கிறவர்களுக்கு எங்கள் திப்பிலியைத் தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு மின்கம்பத்தடியில் உட்கார்ந்துகொண்டு, “இதற்கு மேல் வர முடியாது” என்ற முகத்தோடு இருக்கும் அந்தக் குட்டைக்கால் கறுப்பு நாய் எங்கள் வீட்டுச் சொத்து. டாஷண்ட் இனம். 9 கிலோ எடை. பெயர் வைத்தவர் என் மாமியார். கறுப்பு, நீளம், காரம் மூன்றும் பொருந்துகின்றன என்பது அவர் கட்சி.

“ஒரு அடி வைத்தால் அடங்கிவிடும்” என்று கம்பத்தடியில் எனக்கு இலவச ஆலோசனை சொல்லாதவர் அந்தத் தெருவில் இல்லை. அடங்காது. இந்த நாயை ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் எதற்காக வளர்த்தெடுத்தார்கள் என்று பார்த்தாலே புரியும். வளைக்கரடி எனப்படும் பேட்ஜரின் பொந்துக்குள் தனியாக நுழைந்து, இருட்டில் அதன் பல்லுக்கும் நகத்துக்கும் முகம் கொடுத்து நிற்க வேண்டும். மேலே நிற்கும் எஜமானனின் குரல் உள்ளே எட்டாது. முன்னேறுவதா, பின்வாங்குவதா என்பதை நாயே முடிவு செய்ய வேண்டும். மண்ணுக்கு அடியில் எங்கே இருக்கிறோம் என்று தெரிவிக்க உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரலும் வேண்டும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த பிராணியிடம் சுருட்டிய செய்தித்தாளைக் காட்டினால் அதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமான வால்டியும் டாஷண்ட்தான். மாரத்தான் பாதையையே அந்த நாயின் உருவத்தில் வகுத்தார்களாம். திப்பிலியாக இருந்தால் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஆகவே எங்கள் வீட்டில் கட்டளை கிடையாது, கூலி உண்டு. வேகவைத்த கோழி ஈரலைத் துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். மாமியார் சைவம் என்பதால் அந்த டப்பாவுக்குக் குளிர்பெட்டியில் தனித் தட்டு, தனி மூடி, தனி எல்லை.

நான் முதலில் கற்றுக்கொடுத்தது “விடு”. காரணம், எங்கள் சமையலறைத் தரை. சாம்பார் வெங்காயம், பாயசத்துக்கு வறுக்கும் உலர்திராட்சை, பேத்தியின் சாக்லேட் எல்லாமே நாய்க்கு நஞ்சு. திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும்.

ஈரல் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடி அவள் மூக்குக்கு முன்னால் நீட்டுவேன். முதலில் நக்குவாள். பிறகு முன்பல்லால் விரல் கணுவைக் கொறிப்பாள். அதற்குப் பிறகு வலது முன்னங்கால் பிராண்டல். அதுவும் பலிக்காவிட்டால் நேராக என் முகத்தைப் பார்த்து ஒரு குரைப்பு. கை அசையக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. எல்லா வித்தையும் தீர்ந்து, சலித்துப்போய் முகத்தை ஒரு நொடி அப்பால் திருப்புவாள் பாருங்கள், அந்த நொடியில் “சரி” என்று சொல்லி மறு கையிலிருந்து கூலி கொடுக்க வேண்டும். மூடிய கையில் இருப்பது அவளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. இரண்டு நொடி தாமதித்தால்கூட அவள் வேறு எதற்கோ சம்பளம் வாங்கியதாக நினைத்துக்கொள்வாள். இது பழகிய பிறகு திறந்த கை, அப்புறம் தரை. கடைசியில்தான் “விடு” என்ற சொல்லே வரும். செயல் வருவதற்கு முன்னால் சொல்லை ஓதிக்கொண்டிருந்தால் அது அவள் காதில் மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிடும்.

கம்பத்தடிச் சத்தியாக்கிரகத்துக்கும் வழி உண்டு. இழுத்தால் அவள் நான்கு காலையும் ஊன்றி எதிர்ப்பக்கம் இழுப்பாள்; கழுத்துப்பட்டையானால் இருமலும் வரும். மார்போடு சேர்த்துக் கட்டும் வாரை மாட்டி, கயிற்றைத் தளர்த்தி, அவளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். எழுந்தவுடன் ஈரல் கொடுப்பதில்லை. பத்து அடி நடந்த பிறகே கொடுக்கிறேன். எழுந்ததற்கே கூலி கொடுத்தால், எழுந்திருப்பதற்காகவே உட்காரத் தொடங்கிவிடுவாள். அந்த அளவுக்குக் கணக்குத் தெரிந்தவள். சித்திரை, வைகாசியில் மட்டும் அவள் உட்கார்ந்தால் நியாயம் அவள் பக்கம். புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடி வைத்துப் பாருங்கள். நமக்குத் தாங்காதது அவள் பாதத்துக்கும் தாங்காது.

சோபா விஷயத்தில் பேரம் இல்லை. இந்த இனத்தின் குட்டைக்காலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2009-இல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவின் இன்னொரு நகல் முதுகெலும்பு வட்டுகளை இளம் வயதிலேயே இறுகச் செய்கிறது என்று 2017-இல் தெரியவந்தது. இறுகிய வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் செயலிழக்கும். டாஷண்டுகளில் நான்கு, ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் வட்டுத் தொல்லை வருகிறது. அதனால் தச்சரிடம் சொல்லி ஒரு சாய்வுப் பலகை செய்து, வழுக்காமல் இருக்கத் தேங்காய்நார் மிதியடியை அதில் ஒட்டினோம். ஈரலைப் பலகை நெடுக வைத்து ஏற இறங்கப் பழக்கினேன். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு மட்டமாக. அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைப் போலத் தூக்குகிற விருந்தாளிகளிடம் நான் மரியாதையை மறந்துவிடுவதுண்டு. எடையும் ஏறக் கூடாது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆகவே ஈரல் கொடுத்த நாளில் இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறேன்.

இங்கேதான் என் கணவர் குறுக்கே வருகிறார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கெஞ்சுகிறவளுக்கு “இன்று ஒருநாள் மட்டும்” என்று தோசை விளிம்பைப் போடுவார். எப்போதாவது, எதிர்பாராமல் கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை எளிதில் அழியாமல் வைத்திருக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டினார். தினமும் போட்டிருந்தால்கூட ஒருநாள் நிறுத்தி மறக்கடித்துவிடலாம். வாரம் ஒரு தடவை போடும் தோசை விளிம்புக்காக அவள் ஆயுள் முழுவதும் காத்திருப்பாள். இதை அவரிடம் சொன்னேன். ஸ்கின்னருக்கு முறுகல் தோசை தெரியாது என்றார்.

போர்வைக்குள் புகுந்து தூங்குவதையும் மண் தோண்டுவதையும் நான் தடுப்பதில்லை. அவை அவள் குலத்தொழில். துளசி மாடத்தைக் காப்பாற்ற, பால்கனியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் மணல் நிரப்பி, பந்தைப் புதைத்துக் கொடுத்தேன். மாடத்தை விட்டுவிட்டாள். கறிவேப்பிலைத் தொட்டியை இன்னும் விடவில்லை.

இப்போது நடப்பது அழைப்புமணிப் பாடம். மணிச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, மெல்லிய ஒலியில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் கூடத்து மூலைப் பாயில் ஈரலைப் போட்டேன். ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். மணி அடித்தால் வாசலுக்கு ஓடிக் குரைப்பதற்குப் பதிலாகப் பாய்க்கு ஓட வேண்டும் என்பதே திட்டம். பலித்துவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே. மாமியார் மாலையில் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் யாராவது யார் வீட்டுக்காவது வந்து மணி அடித்தபடியே இருக்கிறார்கள். ஒவ்வொரு மணிக்கும் திப்பிலி பாயில் போய் அமர்ந்து கூலி கேட்கிறாள். ஈரல் டப்பாவைத் தொடாத மாமியார், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த கேரட்டை நறுக்கி வைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் தொடர் பார்க்க உட்காருகிறார்.