ஓஇடி ஸ்பீக்கிங்: கை, கண், தலைக்கு எந்த வெர்ப் போடுறது?

வேலூர்ல நர்சிங் முடிச்சுட்டு ஓஇடிக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்காக நர்ஸ், டாக்டருங்க எழுதுற இங்கிலீஷ் டெஸ்டுக்கு, ரெடியாகுறவங்க நெறைய பேர் கிராமர்லயே மூழ்கிடுறாங்க. ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல் ப்ளே (பேஷன்ட்டா நடிக்கிறவங்ககிட்ட நர்ஸா பேசணும்), ஒவ்வொண்ணும் சுமார் 5 நிமிஷம், மார்க் போடுறவங்க ரெக்கார்டிங்க கேட்டுத்தான் போடுவாங்க, அதனால கைய இப்டி தூக்குங்கன்னு செஞ்சு காட்டுனா அது ஒண்ணுத்துக்கும் ஆகாது. தமிழ் தெரியாத பெங்காலி பேஷன்ட்கிட்ட சைகையிலயே வேலைய முடிச்சு பழகுன நமக்கு இதுதான் இடிக்கும்.

நான் படிச்சது இன்னான்னா, எந்த உறுப்பு அசையுது, எதத் தொடுது, தொட்ட கை நகருதான்னு பாக்குறது. விரல் நுனியால லேசா தட்டுனா டேப், உள்ளங்கையால ஆறுதலா தட்டிக் குடுத்தா பேட், கைய எடுக்காம மெதுவா தடவுனா ஸ்ட்ரோக், அழுத்தி தேய்ச்சா ரப். கண்ணுல சொட்டு மருந்து விட்டதும் டோன்ட் ரப் யுவர் ஐஸ்னுதான் சொல்லணும். பிளிங்க்னா ரெண்டு கண்ணையும் சிமிட்டுறது, அங்க போய் விங்க்னு சொல்லி வெச்சீங்கன்னா பேஷன்ட்ட கண்ணடிக்கச் சொன்ன மாதிரி ஆயிடும் 😀

ஸ்க்வீஸுக்கும் கிளென்ச்சுக்கும் நெறைய பேர் குழம்புறாங்க. பேஷன்ட் நம்ம விரல புடிச்சு அழுத்தணும்னா ஸ்க்வீஸ் மை ஃபிங்கர்ஸ், தன் கையவே இறுக்கி மூடுனா கிளென்ச் யுவர் ஃபிஸ்ட். பிளட் எடுக்கறப்ப மேக் எ ஃபிஸ்ட்னாலே போதும், பெரிய வெர்ப்லாம் வேணாம்.

அப்புறம் ரெய்ஸ், ரைஸ். ரெய்ஸ்னா ஒண்ணத் தூக்குறது, ரைஸ்னா தானா எழும்புறது. ரெய்ஸ் யுவர் ஆர்ம் சரி, ரைஸ் யுவர் ஆர்ம் தப்பு, ரைஸுக்குப் பின்னாடி ஆப்ஜெக்ட் வராது. இத மாத்தி சொல்றவங்க எக்கச்சக்கம்.

நாட் (தலைய மேலயும் கீழயும் ஆட்டுறது), ஷ்ரக் (தோளக் குலுக்குறது) ரெண்டும் தனியாவே நிக்கும், உறுப்பு பேர் சேக்கலன்னாலும் தலை, தோள்னு புரிஞ்சுடும். ஷேக் அப்டி இல்ல, இல்லைன்னு தலையாட்டுறதுக்கு ஷேக் யுவர் ஹெட்னு முழுசா சொல்லணும். நம்மூர் ஸ்டைல்ல தலைய ரெண்டு பக்கமும் ஆட்டி சரி சரிங்கறது நாட்லயும் சேராது ஷேக்லயும் சேராது, ரெக்கார்டிங்ல தெரியவும் தெரியாது, வாயத் தொறந்து எஸ்னு சொல்லிடுங்க.

பிராக்டிஸுக்கு காட்பாடி - பாகாயம் டவுன் பஸ்ஸே நல்ல எடம். கூட்டத்துல யார் யாரக் கூப்புடுறாங்க, யார் தோளத் தட்டுறாங்கன்னு பாத்து மனசுக்குள்ள வெர்ப் போட்டுட்டே வாங்க, ரொம்ப நேரம் ஒருத்தரையே பாக்காதீங்க, அதுக்கு பேரு ஸ்டேர்.