முதலில் செயலிகள், இயங்குதளம் பிறகு

வீட்டுக் கணினியில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளுக்கு மாற நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் பல வடிவங்களான வழங்கல்களில் எது சிறந்தது என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பதே என் பதில். நாள்தோறும் நம் கை பழகுவது இயங்குதளத்தோடு அல்ல, அதன் மேல் ஓடும் உலாவி, எழுதும் செயலி, படம் பார்க்கும் செயலி ஆகியவற்றோடுதான். உலாவியான ஃபயர்ஃபாக்ஸ், எழுதுவதற்கான லிப்ரெ ஆஃபிஸ், படம் பார்ப்பதற்கான வி.எல்.சி., படங்களைத் திருத்துவதற்கான கிம்ப் ஆகிய நான்கும் விண்டோஸிலும் இயங்குகின்றன. இப்போதிருக்கும் கணினியிலேயே ஆறு மாதம் இவற்றை மட்டும் பயன்படுத்திப் பழகியவருக்கு, பிறகு அடியிலிருக்கும் தளம் மாறினாலும் வேலை பெரிதாக மாறுவதில்லை.

நான் இதை ஓர் இழப்பின் வழியாகக் கற்றேன். பல ஆண்டுகளாகச் சேர்த்த வாசிப்புக் குறிப்புகளை ஒரு தனியுரிமச் செயலியில் வைத்திருந்தேன். அதைத் தயாரித்தவர்கள் அந்தச் செயலியைக் கைவிட்டார்கள். புதிய கணினியில் அதை நிறுவ முடியவில்லை. அதன் கோப்பு வடிவம் எப்படி அமைந்தது என்பதும் வெளியிடப்படவில்லை. கோப்புகள் என் வட்டில் பத்திரமாக இருந்தன, ஆனால் அவற்றைத் திறக்கும் வழி என்னிடம் இல்லை. பழைய கணினியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு குறிப்பாக வெட்டி ஒட்டி, பாதியை மட்டுமே மீட்டேன். அன்றிலிருந்து எந்தச் செயலியைத் தேர்ந்தாலும், இதில் எழுதியதை வேறொன்றில் திறக்க முடியுமா என்று பார்த்த பிறகே அதைத் தொடுகிறேன்.

ஆங்கிலத்தில் 'free' என்ற ஒரே சொல் விலையின்மையையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் அங்கே இன்றும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983 இல் அறிவித்ததும், 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கியதும் இந்த இரண்டாவது பொருளுக்காகவே. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், பிறருக்குப் படி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் வெளியிடலாம் என்பவை அதன் நான்கு உரிமைகள். இயங்குதளத்தின் மையப் பகுதியாக லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல், இந்த உரிமைகளைக் காக்கும் குனு பொது உரிமத்தின் கீழ் 1992 இல் வந்தபோதுதான், இந்த உரிமைகள் அனைத்தும் கொண்ட முழு இயங்குதளம் கைகூடியது. நிரல் எழுதத் தெரியாத எனக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு செயலியின் தயாரிப்பாளர் விலகினாலும், அல்லது நமக்குப் பிடிக்காத திசையில் அதைக் கொண்டு சென்றாலும், வேறு சிலர் அதை எடுத்துத் தொடர முடியும் என்பதே பயன். ஓபன் ஆஃபிஸிலிருந்து 2010 இல் லிப்ரெ ஆஃபிஸ் பிரிந்து வளர்ந்தது அப்படித்தான்.

லிப்ரெ ஆஃபிஸுக்கு மாறுகிறவர்கள் அதிகம் மனம் தளர்வது, பிறர் அனுப்பிய வேர்ட் கோப்பைத் திறந்ததும் பக்கங்கள் குலைந்து நிற்பதைப் பார்க்கும்போது. குற்றம் பல நேரங்களில் செயலியுடையது அல்ல, எழுத்துருவுடையது. கலிப்ரி எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வேறொன்று அந்த இடத்துக்கு வரும், எழுத்துகளின் அகலம் மாறும், வரி உடையும், அட்டவணை அடுத்த பக்கத்துக்கு நழுவும். கலிப்ரியின் அகலத்துக்கே அமைத்த கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு ஈடான காலடியா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகியவற்றுக்கு ஈடான லிபரேஷன் எழுத்துருக்கள் ஆகியவற்றை நிறுவிவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நாமாக எழுதுவதைத் திறந்த ஆவண வடிவத்தில் சேமிப்பது நல்லது. அது 2006 இலேயே பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களில் தட்டச்சிட்ட பழைய தமிழ்க் கோப்புகள் இருப்பவர்கள், அவற்றைத் திறக்கும் எழுத்துருக்கள் கையில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி இயங்குதளம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிச்சில்லும் கேட்கும் விண்டோஸ் 11, நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பல கணினிகளை வெளியே நிறுத்திவிட்டது. அவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தருகிறது. புதியவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். 2024 இல் வந்த அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. நான்கு ஜி.பி. நினைவகமே உள்ள பழைய கணினியானால், மின்ட்டிலேயே எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற எடை குறைந்த மேசைச்சூழல் (திரையில் நாம் காணும் முகப்பு) கொண்ட பதிப்பை எடுக்கலாம். நான் பயன்படுத்துவது டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கல். அவசரமில்லாத அதன் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது; ஆனால் முதல் நாளிலேயே அதை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நிறுவுவதற்கு முன், பென் டிரைவிலிருந்தே தளத்தை இயக்கிப் பார்க்கும் வசதியை முழுதாகப் பயன்படுத்துங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி தெரிகிறதா என்பதோடு, மூடியை மூடித் திறந்தால் மடிக்கணினி சரியாக விழிக்கிறதா என்றும் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். விண்டோஸ் வட்டு, அதிலுள்ளதை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், துவக்க அமைப்புகளைத் தொடுவதற்கு முன்பே மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். காப்புப் பிரதியை எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏமாற்றுத் தடுப்பு நிரலோடு வரும் சில இணைய விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுவதில்லை. ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவரிடம் கிம்ப்பைக் கொடுத்து மாறச் சொல்வதும் நியாயமில்லை. என்னிடமும் பழைய ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. அதற்கான செயலி விண்டோஸில் மட்டுமே இயங்கும். அதற்காக, என் கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் ஒரு மெய்நிகர் கணினியில் விண்டோஸை வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அதைத் திறந்து, வேண்டிய பக்கங்களை ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிட்டு மூடிவிடுகிறேன்.