தரைக்குக் கீழே ஒரு இடது கை

சிகாகோவில் எங்கள் முதல் வீடு நகரின் தெற்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வீடுகள் அடுக்கிய பழைய செங்கல் கட்டடம். நாங்கள் நடு மாடி. ஜனவரி மாதம். கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். எனக்கு எச்-4 விசா, வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஹீட்டர் குழாய் டக்டக்கென்று அடித்துக்கொள்வதைத் தவிர வீட்டில் பேச்சுத்துணை இல்லை.

பத்து மணி வாக்கில் தரைக்குக் கீழிருந்து ஒரு சத்தம் வரும். டும்-ட, டும்-ட என்று நிற்காமல். வாஷிங் மெஷின் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. மதுரையில் ஏழு வருடம் வீணை படித்தவளுக்கு எண்ணாமல் இருக்க முடியுமா? சுற்றுக்கு எட்டு. நாலு சுற்று ஸ-வில் நிற்கிறது, இரண்டு சுற்று ம-வுக்குப் போகிறது, மறுபடி இரண்டு ஸ, ஒரு ப, ஒரு ம, கடைசியில் இரண்டு ஸ. மொத்தம் 12. பிறகு திரும்பவும் முதலிலிருந்து. ஆனால் பாட்டு மட்டும் வரவே இல்லை. மூன்று வாரமாக ஒரு பியானோவின் இடது கையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? கனமான கீழ்ச்சுரங்கள் மரத்தரையைத் தாண்டி வந்துவிடும். மேல்சுரங்கள் வராது.

ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுப் பெரியவர். கறுப்பினத்தவர், எழுபது தாண்டியவர்.

"யங் லேடி, மேலே என்ன மெஷின் ஓடுகிறது?"

இட்லி மாவு கிரைண்டர். வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள் என்று பயந்து, "சாரி சார்" என்றேன். சிரித்துவிட்டார். "முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். ஒருவர்கூட சார் என்று கூப்பிட்டதில்லை." பிறகு விஷயத்துக்கு வந்தார். "உன் மெஷின் பி என்கிற சுரத்திலும் இல்லை, அதற்கு அடுத்த கீழ்ச்சுரமான பி ஃப்ளாட்டிலும் இல்லை, நடுவில் நின்று பாடுகிறது. என் பியானோவில் அந்தச் சுரமே கிடையாது."

அன்றுதான் வலது கையையும் கேட்டேன். சுவரோடு ஒட்டிய நெட்டைப் பியானோ, இரண்டு கட்டைகளில் வெள்ளை பெயர்ந்திருந்தது. வீணையில் கம்பியை இழுத்தால் இரண்டு சுரத்துக்கு நடுவில் உள்ளது கிடைத்துவிடும். பியானோவில் இழுக்க ஏது வழி? அவர் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை உரசினாற்போல் சேர்த்து அடித்தார். நடுவில் உள்ளதைக் காது தானே கண்டுபிடித்துக்கொண்டது.

இந்த வாசிப்புக்குப் பெயர் பூகி-வூகி. இவருடைய அப்பா அம்மா போல, தெற்கு மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் இந்த நகரத்துக்கு ரயிலேறி வந்தார்கள். வாடகை கட்டக் காசு இல்லாவிட்டால் வீட்டிலேயே பார்ட்டி வைப்பார்களாம். வாசலில் கொஞ்சம் காசு வசூல், உள்ளே சாப்பாடு, ஆட்டம், தனியாக ஒரு பியானோக்காரர். டிரம்ஸும், கீழ்ச்சுரம் வாசிக்கும் பாஸ் வாத்தியமும் இல்லாத குறையை அவருடைய இடது கைதான் தீர்க்க வேண்டும். 1928-இல் 'பைன்டாப்' ஸ்மித் என்ற பியானோக்காரர் பூகி-வூகி என்ற பெயரையே இசைத்தட்டில் ஏற்றினார். அடுத்த வருடமே ஒரு நடன அரங்கில் குண்டடிபட்டு இறந்துபோனார், வயது 24. அவரோடு ஒரே கட்டடத்தில் குடியிருந்த ஆல்பர்ட் ஆமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற பியானோக்காரர்கள் இருவரும் டாக்ஸி ஓட்டியவர்கள். 1938 டிசம்பரில் அந்த இருவரும் நியூயார்க்கின் புகழ்பெற்ற கச்சேரி அரங்கான கார்னகி ஹாலில் வாசித்தார்கள்.

எனக்குப் பிடித்துப்போனவர் ஜிம்மி யான்சி. வைட் சாக்ஸ் என்ற சிகாகோ அணியின் பேஸ்பால் மைதானத்தில் புல்தரையைப் பராமரிப்பதுதான் அவருடைய வேலை, கால் நூற்றாண்டு அதைப் பார்த்தார். முதல் இசைத்தட்டு 1939-இல்தான். மற்றவர்கள் ரயில் ஓட்டுவது போல வாசித்தால் இவர் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி வாசிக்கிறார். எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஈ ஃப்ளாட் என்ற சுருதியில்தான் முடிப்பார். என் டீச்சரிடம் இதைச் செய்திருந்தால் வீணையைப் பிடுங்கி உள்ளே வைத்திருப்பார். அந்தப் பழைய மைதானம் இப்போது கார் நிறுத்துமிடம். ரெட் லைன் ரயிலில் 35-ஆம் தெருவைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

சரி, கிரைண்டர் என்ன ஆயிற்று? மாவு அரைப்பதை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். அந்தக் குளிரில் மாவு பொங்க அடுப்பு ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்க வேண்டியிருந்தது என்பது தனிக்கதை. இட்லி கொண்டுபோய்க் கொடுத்தால் பெரியவர் ஹாட் சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார். பதிலுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். இடது கை ஒரு மாதத்தில் வந்துவிட்டது. போன சனிக்கிழமை ஐந்தாம் சுற்றில், ம-வுக்குப் போகிற இடத்தில், வலது கையைச் சேர்த்தேன். இரண்டும் சேர்ந்து நின்றுவிட்டன.

"பரவாயில்லை, நீ கீழே மட்டும் ஓட்டு" என்று சொல்லி ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, மேல் கட்டைகளில் அவர் வாசிக்கத் தொடங்கினார். அரைமணி நேரம் ஓட்டியிருப்போம்.

மாடியேறி வந்ததும் கணவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நீ வாசித்தாயா? எனக்கு டும்-ட, டும்-ட மட்டும்தான் கேட்டது" என்றார்.